வெள்ளை பூசப்பட்ட தெரு

கண்டி நகரத்துத் தெரு ஒன்றை, அது எரிவதற்கு முன்பு இருந்தவாறே, கடை கடையாகத் தாளில் வரைந்து வைத்திருந்தார் ஒருவர். அத்தாள்களை முழுமையாகப் பார்த்தவர் மிகச் சிலர். இனி அவற்றை எவரும் பார்க்க இயலாது. பார்த்தவருள் எழுதும் பழக்கமுடையவன் நான் ஒருவனே ஆதலின், இப்பயணத்தை எழுதி வைத்தல் என் கடனாயிற்று. இன்பச் செலவு பற்றிய கட்டுரையை எதிர்பார்ப்போர் இப்பக்கங்களைத் தள்ளிவிடலாம். கண்டியில் ஏரியும் உண்டு, மலையும் உண்டு, பனியும் உண்டு. அவற்றை எழுதுவோர் பலர் உளர்.

நான் படக்கதை வரைபவன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், பண்டை வேந்தர் வரலாறுகளை நானே எழுதி, நானே வரைந்து, நானே அச்சிட்டு, நானே சுமந்து விற்று வருகிறேன். படக்கதைக் கண்காட்சிகளில் ஒரு மேசைக்குப் பின்னால் நாள் முழுதும் அமர்ந்திருப்பது ஒருவகைத் தவம். வரம் அளிப்பார்தாம் இல்லை. நூலைப் புரட்டுவோர், "பிள்ளைகளுக்கானதா?" என்று வினவுவர். அன்று என்றால் வைத்துவிடுவர். ஆம் என்றால், "வண்ணத்தில் இல்லையே" என்று வைத்துவிடுவர். இவ்வாறு நூல்கள் பல கைகளில் ஏறி இறங்கி, விற்காமலே பழையனவாகி வீடு திரும்பும்.

அந்நிலையில்தான் இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது. சிங்களத்திலும் தமிழிலும் படக்கதை வரையும் சிலர் கூடிக் கண்டியில் இரு நாள் சந்திப்பு ஒன்று நடத்துவதாகவும், ஐரோப்பாவிலிருந்து ஒரு பதிப்பாசிரியை வருவதாகவும், தமிழ்நாட்டிலிருந்து நான் வரவேண்டும் என்றும் எழுதியிருந்தனர். வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. "அங்கே எதற்கு?" என்று கேட்காதவர் என் தெருவில் எவரும் இலர். இங்கே என்னை எவரும் அழைக்கவில்லை என்பதே உண்மையான விடை. அதை நான் சொல்லவில்லை.

கண்டித் தொடர்வண்டி நிலையத்தில் இருவர் காத்திருந்தனர். ஒருவர் யோகநாதன். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாக உடையவர், கண்டியில் பிறந்து வளர்ந்தவர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டடங்களின் வரைபடம் வரையும் படவரைஞர். ஓய்ந்த நேரங்களில் படக்கதையாளர். மற்றவர் ஹனீபா, அலவத்துகொடையில் வன்பொருட் கடை வைத்திருக்கும் முதியவர். அவர் வீட்டின் பின்கட்டில்தான் யோகநாதன் தம் மனைவியோடு வாடகைக்குக் குடியிருந்தார். (இருவர் பெயரையும் மாற்றியே எழுதுகிறேன்.)

ஹனீபா என் நூற்கட்டைத் தூக்கிப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன ஐயா, இந்தியாவுல இருந்து கல்லு கொண்டாந்தீங்களா?"

"புத்தகம்," என்றேன்.

"கல்லாருந்தா பரவால்ல. அது வித்துரும்."

"நானா, வந்த உடனயே தொடங்கிட்டியளோ?" என்று யோகநாதன் நாணினார். 'நானா' என்பது அங்கே முஸ்லிம் பெரியவரை அண்ணன் என்று விளிக்கும் சொல். எனக்கோ, என் தொழிலின் நிலையை இத்துணைச் சுருங்கச் சொன்னவரை அதற்குமுன் கண்டதில்லை என்றே தோன்றிற்று.

ஹனீபாவின் சிற்றுந்து அவர் வயதை ஒத்தது. அக்குறணை ஏற்றத்தில் மூச்சடைத்து நின்றுவிட்டது. கடைகளிலிருந்து தொப்பியணிந்த இளைஞர் நால்வர் அழையாமலே வந்து தள்ளினர். அவருள் ஒருவன், "நானா, இந்த வேனுக்கு ஒரு கழுதயக் கட்டுங்களேன்," என்றான். "கட்டினேன்டா. அதுதான் பின்னுக்கு நிண்டு தள்ளுது," என்றார் ஹனீபா, கையை வெளியே நீட்டியவாறே. எங்கள் ஊரில் வண்டி நின்றால் முதலில் கூட்டம் சேரும், அறிவுரை பிறக்கும், தள்ளுவதற்கு மட்டும் ஆள் வருவதில்லை.

மாலையுணவுக்கு யோகநாதன் துணைவியார் சிவமலர் இடியப்பமும் சொதியும் ஆக்கியிருந்தார். சொதி எனக்குப் புதிதன்று. ஆயினும் நெல்லைச் சொதியின் செல்வச் செழிப்பு இதில் இல்லை. இது நோயாளிக்கும் இடத்தக்க சொதி. ஒரு நாழிகைக்குள் அதையே விரும்பத் தலைப்பட்டேன். முன்கட்டிலிருந்து ஹனீபா அன்போடு, துவையல் போன்ற ஒரு சம்பல் அனுப்பினார். அதன் சுவையை நான் வாய்விட்டுப் புகழ்ந்தபோதுதான் சிவமலர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, அதைத் தொடாதேங்கோ ஐயா! அதுக்குள்ள மாசி கிடக்கு!"

கிண்ணம் ஏற்கெனவே வெறுமையாக இருந்தது. மாசி என்பது உலர்த்திய மீன் என்று அறிந்தபோது, வாழ்நாட் சைவம் ஒரு கிண்ணத்தில் முடிந்திருந்தது. செய்தி கேட்டு ஹனீபா வந்து ஆறுதல் கூறினார். "மாசி மீனில்ல ஐயா. கட்ட. தட்டிப் பாருங்களேன், பலக மாதிரித்தான் ஈக்கிது." மீன் மரமாகிவிட்டால் அது மரக்கறி என்பது அவர் கட்சி.

அதன்பின், வெளிச்சம் இருக்கும்போதே, யோகநாதன் தம் பக்கங்களைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார்.

பெரிய தாள்கள். நகரில் இருந்த எந்த நகலெடுக்கும் பொறியிலும் அடங்காத அளவு. படவரைஞர் ஆதலின், கட்டட வரைபடத்துக்குரிய தாளிலேயே வரைந்திருந்தார். கதை எளியது. கண்டியில் ஒரு கடைத்தெரு. காலையில் கதவு திறப்பதிலிருந்து மாலையில் சாத்துவது வரை ஒரு நாள். அவ்வளவே. வாங்குவோர், விற்போர், கடன் கேட்போர், கொட்டாவி விடுவோர். ஆனால் அது தமிழர் கடைகளை எரித்த பெருங்கலவரத்துக்கு முந்திய நாள். கடைசிப் பக்கங்களில் மறுநாள் வருகிறது. தெரு எரிகிறது. பேச்சுக் குமிழி ஒன்றும் இல்லை. அத்தெருவில் புத்தகக் கடை வைத்திருந்தவர் யோகநாதனின் தந்தையார். கலவர நாள்களில் அக்குடும்பத்தைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்தவர் ஹனீபா. தந்தையார் பின்னர் யாழ்ப்பாணம் சென்று, கடையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இறந்தார்.

"ஒரு போட்டோவும் இல்லை ஐயா," என்றார் யோகநாதன். "எல்லாம் கடையோட எரிஞ்சு போச்சுது. ஆக்களிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் கீறினனான். ஜன்னலுக்கு எத்தினை கம்பி, பலகையில என்ன எழுத்து, எல்லாம்."

"குமிழியிலுள்ள எழுத்து யாருடையது?"

"அது இவ," என்று சிவமலரைக் காட்டினார். "என்ர எழுத்து வேலை செய்யிற கந்தோர் எழுத்து. ஆக்கள் கதைக்கிற மாதிரி வராது."

பல நாட்டுப் படக்கதைகளை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் பின்புலம் என்பது பெரும்பாலும் மாந்தர் நிற்பதற்கு ஒரு சாக்கு. இங்கே தெருவே தலைவன். தந்தை கடைத்தூணில் சாய்ந்து நிற்கும் நிலையில், தூணின் உரிந்த சுண்ணம் அவர் தோளில் ஒட்டியிருந்தது. முடிதிருத்தகத்தின் கூண்டில் ஒரு கிளி. ஒரு சிங்களத் தையற்காரர் வாயில் ஊசியைக் கவ்வியபடி எதிர்க்கடைக்காரரை ஏசுகிறார், அவரோ சிரிக்கிறார். என் வேந்தர்கள் நினைவுக்கு வந்தனர். அவர்கள் அரண்மனையில் எத்தனை தூண் என்பதை எந்நாளும் நான் எவரையும் கேட்டதில்லை.

"பதிப்பாசிரியை இதனைப் பார்த்தால் விடமாட்டார்," என்றேன்.

"ஒரு புத்தகமா வந்தாப் போதும் ஐயா. அந்தத் தெரு எங்கயாவது இருக்கோணும்," என்றார்.

மறுநாட் காலையில் ஹனீபாவின் வண்டியிலேயே மூவரும் சந்திப்புக்குப் புறப்பட்டோம். மகாவலிப் பாலத்துக்கு முன்னே சோதனைச் சாவடி. பேருந்திலிருந்து இறங்கிய மக்கள் அடையாள அட்டையைக் கையிலேந்தி வரிசையாய் நடந்தனர். எங்கள் ஊர்ப் பேருந்தில் நடத்துநரோடு சண்டையிடாமல் ஒரு பயணம் முடிவதில்லை. இங்கே அத்தனை பேர் நடந்தும் செருப்பொலி மட்டுமே கேட்டது. என்முன் சென்ற ஒரு மூதாட்டி, காய்கறிப் பையைக் கவிழ்த்துக் காட்டி, உருண்டோடிய எலுமிச்சையை ஒரு படைவீரரே குனிந்து எடுத்துத் தந்தபோதும் நிமிர்ந்து பாராமல் வாங்கிக்கொண்டார்.

எங்கள் வண்டியில் தாட்கட்டு இருந்தது. இளைய வீரர் அவிழ்த்தார். முதற் பக்கத்திலேயே மணிக்கூண்டு, தொடர்வண்டிப் பாதை, அதனருகே பாலம். எல்லாம் அளவு பிசகாமல். தமிழர் ஒருவர், கட்டட வரைபடத் தாளில், நகரத்தின் பாலத்தை வரைந்து வைத்திருக்கிறார். வீரர் எங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு சீழ்க்கை அடித்தார்.

எங்களைக் கொண்டுசென்ற காவல் நிலையத்தின் பெயர் இங்கே வேண்டா. பொறுப்பதிகாரி நடுவயதினர், குரலை உயர்த்தாதவர், எங்களுக்கு நாற்காலி தரச் சொன்னார். உரையாடல் சிங்களத்தில் நடந்தது; யோகநாதன் அவ்வப்போது எனக்குச் சொன்னதையும் பின்னர் விளக்கியதையும் கொண்டு தமிழில் தருகிறேன்.

நான் விருந்தினன் என்பதைக் காட்டினால் உதவும் என்று எண்ணி, அழைப்பையும் கடவுச்சீட்டையும் முன்வைத்தேன். நிலைமை அதனாற் கெட்டது. "இந்தியாவிலிருந்தா?" என்று அதிகாரி இரு முறை கேட்டார். என் நூல்களைப் புரட்டினார். யானை, தேர், முடி.

"அரசர் கதை. நல்லது," என்றார். "இதனால் ஒருவருக்கும் தொந்தரவு இல்லை."

என் வாழ்நாள் உழைப்புக்கு வந்த திறனாய்வுகளுள் இதுவே சுருக்கமானது. இதைவிடக் கொடியதும் இல்லை.

தமிழ் படிக்கத் தெரிந்த காவலர் ஒருவர் அழைக்கப்பட்டார். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று பின்னர் அறிந்தேன். குமிழிகளை ஒவ்வொன்றாக, குற்றப்பத்திரிகை வாசிக்கும் குரலில் உரக்கப் படித்தார்: "தம்பி, கொப்பிக்கு உறை போட்டுத் தரட்டோ. அண்ணை, நேற்றைய மிச்சத்தை மறந்திட்டியள். உந்தக் கிளிக்கு வாய் கூடிப்போச்சு." படித்துக் களைத்து அதிகாரியிடம் சொன்னார்: "இதில் ஒன்றும் இல்லை ஐயா. எல்லாரும் சாமான் வாங்குகிறார்கள்." பின்னர் எங்கள் பக்கம் குனிந்து தமிழில், "நல்லாத்தான் இருக்குங்க. அந்தக் கிளி வர்ற எடம் சிரிப்பா இருக்கு," என்று மெல்லச் சொன்னார்.

அதிகாரி பக்கங்களைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது.

"இது அந்தப் புத்தகக் கடை அல்லவா? இந்தப் படியில் ஏறித்தான் நான் வண்ணப் பென்சில் வாங்கினேன்."

யோகநாதன் முகத்தில் அப்போது தோன்றிய மலர்ச்சியை நான் மறவேன். "அது என் தந்தையின் கடை, ஐயா."

"ஒல்லியான மனிதர். கண்ணாடி. பென்சிலைக் கூராக்கித்தான் தருவார்."

"ஆம் ஐயா. கூராக்காமல் தரமாட்டார்."

"பக்கத்தில் கிளி இருந்தது. பள்ளிப் பெண்களைக் கண்டால் சீழ்க்கை அடிக்கும். எவ்வளவு சரியாக வரைந்திருக்கிறீர்!"

இரண்டு கண்டிக்காரர் தம் இளமைத் தெருவைப் பேசிக்கொண்டிருந்தனர். வேறு ஓர் உலகில் அது அங்கேயே முடிந்திருக்கும். அதிகாரி மேலும் புரட்டினார். எரியும் பக்கம் வந்தது. அதில் தெருமுனையில் காவலர் சிலர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கின்றனர். அப்பக்கத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். மூடினார். பேச்சு மாறிற்று.

"பார்த்த உடனே நானே கண்டுகொண்டேன். அப்படியானால் வேறொருவன் கண்டுகொள்ள மாட்டானா? பாலம் எங்கே, மணிக்கூண்டு எங்கே, எந்தச் சந்து எங்கே போகிறது, எல்லாம் இதில் இருக்கிறது. இதை நான் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால், தாளோடு நீரும் போக வேண்டும். எப்போது திரும்புவீர் என்று என்னால் சொல்ல முடியாது."

பிறகு, உதவி செய்பவரின் குரலில், மற்றொரு வழியும் சொன்னார். கட்டடங்களை இங்கேயே, தம் கண்முன்னே, வெள்ளை பூசி அழித்துவிட்டால், தாள்களையும் எங்களையும் விட்டுவிடுவார்.

"எந்தக் கட்டடங்கள், ஐயா? பாலமும் மணிக்கூண்டுமா?"

"எல்லாம். கட்டடம் ஒன்றும் வேண்டாம். மனிதர்கள் இருக்கட்டும். மனிதர்களால் என்ன தொந்தரவு?"

யோகநாதன் எரியும் பக்கத்தைக் காட்டினார். "தெருமுனையில் நிற்பவர்கள்?"

"அவர்கள் கட்டடத்தோடு சேர்ந்தவர்கள்," என்றார் அதிகாரி.

யோகநாதன் கலங்குவார் என்று அஞ்சினேன். அவரோ அமைதியாகத் தலையசைத்தார். வெளியே தாழ்வாரத்தில் ஹனீபா காத்திருந்தார். அவரிடம் தாள்களில் கட்டடங்களுக்கு வெள்ளை பூசவேண்டும் என்று சொல்லி, காவலர் காதுபடவே, "நானா, என்ர மேசையில ஒரு வெள்ளைப் போத்தல் கிடக்கு. அதையும் ரெண்டு பிரஸ்ஸையும் எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ," என்றார்.

அவர் அமைதியின் காரணத்தை, படக்கதை வரைபவன் ஆதலின், நான் உணர்ந்துகொண்டேன். நாங்கள் கோடு வரையும் கறுப்பு மை உலர்ந்தபின் நீரில் கரையாது. பிழை மறைக்கும் போத்தல் வெள்ளையோ ஈரப் பஞ்சு பட்டால் கரைந்துவிடும். இன்று பூசி, மாலையில் வீட்டில் மெல்லத் துடைத்தால், தெரு மீண்டும் வெளிப்படும். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரம் இருவரும் கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு பிளேன்டீ குடித்தோம்.

ஹனீபா வியர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் போத்தல் இல்லை. தகர டின் ஒன்றும், தூரிகைகளும் இருந்தன.

"அந்தச் சின்னப் போத்தல் எதுக்குத் தம்பி பத்தும், இவ்வளவு தாளுக்கு? அதோட அது உதவாத சாமான். நான் விரல வெச்சுப் பாத்தேன், தண்ணி பட்டா ஓடிருது. நாளக்கி பெரிய மனுசங்களுக்குக் காட்டுற வேலயாச்சே! கடயத் திறந்து எனாமல் கொண்டாந்தேன். ஜன்னலுக்கு அடிக்கிற முதல் தரம். மழ, வெயில், ஒண்டுக்கும் அசையாது."

தமிழறிந்த காவலர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அதிகாரி வாசலில் நின்றிருந்தார், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். ஹனீபாவே, தம் நல்ல சிங்களத்தில், இரு வெள்ளைகளுக்கும் உள்ள வேற்றுமையை விற்பனை செய்யும் உற்சாகத்தோடு விளக்கினார். அதிகாரி டின்னைக் கையில் வாங்கி, அதன் மேலெழுத்தைப் படித்தார்.

"இதுதான் சரி," என்றார்.

யோகநாதன் மூடியைத் திறந்தார். "நீங்களும் ஒரு பிரஸ்ஸ எடுங்கோ ஐயா. நேரம் போகுது," என்றார்.

காவல் நிலையத்தின் பின்தாழ்வாரத்தில், நெடும்பலகை இருக்கை ஒன்றின் இருபுறமும் அமர்ந்து, இருவருமாகப் பூசினோம். மாந்தரின் எல்லைக்கோட்டைத் தொடாமல் சுற்றிவரப் பூச வேண்டும். அதற்குக் கை நடுங்கக் கூடாது. தந்தையார் சாய்ந்திருந்த தூணை யோகநாதன் தாமே எடுத்துக்கொண்டார். தூண் மறைந்தபின்னும் தந்தை சாய்ந்தே நின்றார். மேன்மாடச் சாளரத்திலிருந்து எட்டிப் பார்த்த பெண்ணின் தலை வானில் தனியே தொங்கிற்று. எனக்கு வந்த பக்கத்தில் கிளி இருந்தது. கிளி கட்டடமா மனிதனா என்று அறியாமல் காவலரைக் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவந்து, "கூண்டு மட்டும் போகட்டுமாம்," என்றார்.

எனாமல் எளிதில் உலராது. காவலர் சீருடை உலர்த்தும் கொடியில் பக்கங்களைத் துணிக்கவ்விகளால் தொங்கவிட்டனர். ஓய்விலிருந்த காவலர் தேநீர்க் கோப்பையோடு அதனூடே நடந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தும் ஒருவருக்கொருவர் காட்டியும் மகிழ்ந்தனர். யோகநாதனின் முதற் கண்காட்சி அதுவே. என் கண்காட்சி எதற்கும் அத்தனை கூட்டம் வந்ததில்லை.

திரும்பும் வழியில் ஹனீபா ஓயாமல் பேசினார். "பாத்தீங்களா ஐயா, எவ்வளவு வழுவழுப்பு! கண்ணாடி மாதிரி ஈக்கிது. தம்பி, என்ன பேசாம வாற?"

"களைச்சுப் போனன் நானா. நல்ல வெள்ளை," என்றார் யோகநாதன்.

சிவமலர் பக்கங்களைப் பார்த்தார். அவர் எழுதிய குமிழிகள் யாவும் இருந்தன. வெட்டவெளியில், ஒன்றின்மேலும் நில்லாத மனிதர், கொப்பிக்கு உறை கேட்டுக்கொண்டிருந்தனர். மேசையில் அப்படியே கிடந்த வெள்ளைப் போத்தலையும் பார்த்தார். முன்கட்டைச் சுட்டி, "அவருக்குத் தெரியுமோ?" என்றார். கணவர் இல்லையென்று தலையசைத்தார். "சொல்லிப்போடாதேங்கோ," என்றார் சிவமலர்.

மறுநாள், சந்திப்பின் இரண்டாம் நாள், ஏரிக்கு அணித்தே ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. சிங்கள இளைஞர் பலர். கண்களில் உறக்கமின்மையும் விரல்களில் மையும் உடையவர். அவர்கள் நூலும் விற்கவில்லை. அதில் மட்டும் நாங்கள் யாவரும் ஓரினம் என்று கண்டேன். என் மேசைக்கு வந்த ஒருவர், படங்களை வியந்து, விலை கேட்டு, கழிப்பறை எங்கே என்றும் கேட்டுச் சென்றார்.

பிற்பகலில் யோகநாதனின் பக்கங்களைச் சுவரில் மாட்டினர். ஐரோப்பியப் பதிப்பாசிரியை அவற்றின்முன் வந்து நின்றார், நின்றவர் அகலவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் உரையாற்றினார். அதன் சாரம் இது: "இதுகாறும் நம் படக்கதைகள் கட்டங்களைப் பொருள்களால் நிரப்பின. இக்கலைஞரோ நீக்குகிறார். மனிதர் சாய்கின்றனர், சாய்வதற்கு ஒன்றும் இல்லை. நெருப்பு எரிகிறது, எரிவதற்கு ஒன்றும் இல்லை. இந்த வெறுமையைத் தேர்ந்துகொள்ள எவ்வளவு துணிவு வேண்டும்!"

பெருங்கைதட்டல் எழுந்தது. அனைவரினும் உரக்கத் தட்டியவர் பின்வரிசையில் நின்ற ஹனீபா. பக்கத்திலிருந்தவரிடம், "அந்த வெள்ள நம்மட கட வெள்ள," என்று அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சிங்கள இளைஞர் ஒருவர் யோகநாதனை அணுகி, மிக்க பணிவோடு கேட்டார்: "அண்ணா, முதலிலிருந்தே இப்படி எண்ணினீர்களா? அல்லது வரைய வரையத் தோன்றிற்றா?"

"ஒரே நாளில் தோன்றிற்று," என்றார் யோகநாதன். இளைஞர் அதைக் குறித்துக்கொண்டார்.

பதிப்பாசிரியை நூலை வெளியிட இசைந்தார். அடுத்த நூலும் இதே முறையில் வேண்டும் என்றார். நான் அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துச்சென்று உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். யோகநாதன் என் கையைப் பற்றினார்.

"வேண்டாம் ஐயா. சொன்னா எல்லாரும் கேப்பினம், பேப்பரில வரும். பொலிசை விடுங்கோ, நானாவின்ர காதுக்கு வரும். தன்ர கையாலதான் போச்சுது எண்டு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்குமோ? எங்கட உயிரை வைச்சிருந்த மனுசன்."

"தெரு?" என்றேன்.

"தெரு ஏற்கெனவே ஒருக்காப் போனதுதானே," என்றார். பின்னர், "அடுத்த புத்தகத்துக்கும் ஓம் எண்டு சொல்லிட்டன்," என்றார்.

நான் அதற்கு மறுநாள் புறப்பட்டேன். ஹனீபா கோழிக்கூட்டு என்னும் அந்நாட்டு வாழைப்பழம் ஒரு சீப்பும், மாசி கலவாதது என்று மும்முறை ஆணையிட்டு ஒரு போத்தற் சம்பலும் தந்து வழியனுப்பினார்.

நூல் அயல்நாட்டில் வெளிவந்தது, புகழ்பெற்றது. யோகநாதன் குடும்பத்தோடு அந்நாட்டிலேயே குடியேறினார். அவருடைய பின்னை நூல்களிலும் கட்டடம் இல்லை. மீண்டும் அத்தெருவை வரையலாகாதா என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். யார் சொல்லக் கேட்டு வரைந்தாரோ அவருட் பலர் இறந்துவிட்டனர் என்றும், கை மறுக்கிறது என்றும் சொன்னார். மூலப் பக்கங்களில் எனாமல் மஞ்சளித்துவிட்டதாம். சுரண்டிப் பார்த்தாராம்; தாளே கிழிந்து வந்ததாம்.

ஹனீபா சென்ற ஆண்டு மறைந்தார். இறுதிவரை, வீட்டுக்கு வருவோர்க்கெல்லாம் அந்நூலைக் காட்டினார் என்று சொன்னார்கள். செய்தியறிந்த அன்றே யோகநாதன் என்னை அழைத்தார். "இனி எழுதுங்கோ ஐயா," என்றார்.

எழுதுகிறேன். தெருவின் மேற்குமுனையிலிருந்து வந்தால் முதலில் புகையிலைக் கடை. மரப்பலகையில் மஞ்சள் எழுத்து, 'ந' மட்டும் உரிந்தது. அடுத்து நகைக்கடை; இரும்புக் கம்பிக் கதவு, பாதி எப்போதும் சாத்தியது. அதையடுத்துப் புத்தகக் கடை. இரு படிகள், மேற்படியில் விரிசல், வாசலில் இரு தூண்கள், வலத்தூணில் சுண்ணம் உரிந்த இடம் ஓராளின் தோளுயரம். அதன் வலப்பக்கம் முடிதிருத்தகம்; பச்சைக் கதவு என்று சிவமலர் சொல்லக் கேட்டேன், படம் கறுப்பு வெள்ளையே. கூண்டு வாசலின் இடமேற்பக்கம் தொங்கியது. எதிரே தையற்கடை, அதன் மேன்மாடத்தில் மூன்று சாளரங்கள், நடுச்சாளரத்துக்குக் கண்ணாடி இல்லை, தடித்தாள் ஒட்டியது. தெருமுனையில் ஒரு விளக்குக் கம்பம். எரியும் பக்கத்தில் காவலர் அதனடியில் நின்றனர். அவர்களைப் பூசியது என் தூரிகை. ஐவர் என்று நினைக்கிறேன்.

இவை முதியவன் ஒருவனின் நினைவு. முடிதிருத்தகம் புத்தகக் கடைக்கு இடப்பக்கமாகவும் இருந்திருக்கலாம். நகைக்கடைக்கும் புகையிலைக் கடைக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது போலவும், இல்லாதது போலவும் தோன்றுகிறது. அத்தெருவில் பொருள் வாங்கியோர், விற்றோர், பள்ளிக்கு நடந்தோர் எம்மொழியினராயினும், எங்கிருப்பினும், நான் பிழையாக வைத்த ஒவ்வொரு கதவையும் படியையும் உரிய இடத்தில் வைத்து எழுதித் திருத்தியருள வேண்டுகிறேன்.